பக்கத்து ஊர் காமிக் கானுக்குத் தனியாகப் போகலாமா?

கேள்வி இது: "லீட்ஸுக்குப் படிக்க வந்து ஏழு மாதம் ஆகிறது. அப்பா சேர்த்து வைத்திருந்த முத்து, லயன், ராணி காமிக்ஸ் படித்து வளர்ந்தவன். பக்கத்து ஊர் டவுன் ஹாலில் வரும் ஞாயிற்றுக்கிழமை காமிக்ஸ் ரசிகர்கள் கூடும் ஒருநாள் காமிக் கான் என்று போஸ்டர் பார்த்தேன். நுழைவு ஐந்து பவுண்டு. மார்வெல், டிசி எல்லாம் படத்தில் பார்த்ததோடு சரி. கூட வர ஆள் இல்லை. தனியாகப் போய் அசடு வழிய நின்றுவிட்டு வருவேனோ என்று தயக்கம். போகலாமா? போனால் என்ன செய்வது?"

போங்கள். அசடு வழிவது பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் எனக்கு அனுபவம் உண்டு. இங்கிலாந்தின் வடபகுதிக்கு நான் வந்து பதினான்கு வருடம் ஆகிறது. முதன்முதலில் போன காமிக்ஸ் நிகழ்ச்சி ஒரு தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில் நடந்தது. கையில் முத்திரை குத்தி உள்ளே விட்டார்கள். இருபது மேசைகள் இருக்கும். எல்லாருக்கும் எல்லாரையும் தெரிந்திருந்தது. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை பக்கமா, பெண் பக்கமா என்று தெரியாமல் நிற்பவன் மாதிரி ஒரு சுற்று சுற்றிவிட்டு, பத்தே நிமிடத்தில் வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு ஐம்பது நிமிடம் இருந்தது. மழை வேறு. கொடுத்த காசு வீணாகிறதே என்று மறுபடி உள்ளே போனேன். அந்த இரண்டாவது சுற்றில்தான் ஒரு பெட்டியின் அடியில், மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து கை மட்டும் தெரியுமே, அந்த இரும்புக்கை மாயாவியைப் பார்த்தேன். அதற்குப் பிறகு முப்பது நிகழ்ச்சிகளாவது போயிருப்பேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். போஸ்டரை இன்னொரு முறை நன்றாகப் பாருங்கள். 'காமிக் கான்' என்ற பெயரில் இங்கே மூன்று விதமான கூட்டம் நடக்கிறது, மூன்றும் மூன்று ஊர். ஒன்று, மார்ட் என்று பழைய ஆட்கள் சொல்வது. வியாபாரிகள் பெட்டி பெட்டியாகப் பழைய இதழ்களைக் கொண்டுவந்து மேசை போடுவார்கள், அவ்வளவுதான். மேடை, பேச்சு, வேஷம் எதுவும் இருக்காது. மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளைப் பற்றி உங்கள் அப்பா சொல்லியிருப்பாரே, கிட்டத்தட்ட அந்த வகை. இரண்டாவது, சொந்தமாகக் கதை எழுதி, வரைந்து, அச்சடித்து விற்கிறவர்கள் கூடும் சந்தை. இங்கே பழைய இதழ் ஒன்றுகூட இருக்காது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்தான் ஓவியர். மூன்றாவது, பெயரில் மட்டும் காமிக் உள்ளது. பொம்மைகள், டி-ஷர்ட், எப்போதோ ஒரு தொலைக்காட்சித் தொடரில் நாலு காட்சியில் வந்த நடிகர், அவரோடு புகைப்படம் எடுக்க இருபது பவுண்டு. சின்னக் குழந்தைகள் இருந்தால் அழைத்துப் போக நல்ல இடம். உங்களுக்கு அங்கே வேலையில்லை.

போஸ்டரில் நடிகர்களின் முகம் பெரிதாக இருந்தால் மூன்றாவது வகை. ஓவியர்கள், கதாசிரியர்களின் பெயர்ப் பட்டியல் இருந்தால் இரண்டாவது. பட்டியலே இல்லாமல் ஊர், தேதி, நேரம், பார்க்கிங் வசதி என்று மட்டும் கறுப்பு எழுத்தில் போட்டிருந்தால் அது மார்ட், கண்ணை மூடிக்கொண்டு போகலாம். டவுன் ஹால் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மூன்றும் கலந்த கதம்பமாகத்தான் இருக்கும்.

சின்ன நிகழ்ச்சி என்று இளக்காரமாக நினைக்க வேண்டாம். இந்த வழக்கமே சின்னதாகத்தான் தொடங்கியது. 1964 ஜூலையில் நடந்த நியூயார்க்கின் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் சுமார் நூறு பேர். 1968 ஆகஸ்டில் பர்மிங்ஹாமில் ஒரு ஹோட்டலில் பிரிட்டனின் முதல் காமிக்ஸ் மாநாடு நடந்தபோது எழுபது பேர் அளவில்தான் கூடினார்கள். இன்று லட்சத்துக்கு மேல் ஆள் வரும் சான் டியேகோவும் 1970 மார்ச்சில் ஒரு ஹோட்டலில் நூறு பேரை வைத்து ஒருநாள் ஒத்திகை பார்த்துத்தான் ஆரம்பித்தது. பெரிய கான்களுக்கும் நான் போயிருக்கிறேன். அங்கே வரிசையில் நின்ற நேரம்தான் அதிகம் ஞாபகம் இருக்கிறது.

மார்வெல் தெரியாது என்று கவலைப்படுகிறீர்கள். உங்களுக்குத் தெரிந்தது என்னவென்று உங்களுக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வந்தது. அந்த மாயாவி பிறந்த ஊர் நீங்கள் இப்போது இருக்கும் நாடு. 1962 அக்டோபர் 6-ஆம் தேதி தொடங்கிய 'வேலியன்ட்' என்ற வார இதழில், முதல் வாரத்திலிருந்தே 'தி ஸ்டீல் கிளா' என்ற பெயரில் வந்த தொடர் அது. ஆரம்பத்தில் எழுதியவர் கென் புல்மர், அப்புறம் டாம் டல்லி. வரைந்தவர் பார்சிலோனாக்காரர் ஹெசூஸ் பிளாஸ்கோ. நம் ரசிகர்கள் 'கூர்மண்டையர்' என்று செல்லமாகக் கூப்பிடும் ஸ்பைடர் (மார்வெலின் ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு), 1965 ஜூனில் 'லயன்' வார இதழில் வந்தவர். ஆமாம், இங்கேயும் ஒரு லயன் இருந்தது. டெட் கோவன் எழுதி ரெக் பன் வரைந்து தொடங்கிய அந்தக் கதையைப் பிறகு எழுதியவர் ஜெர்ரி சீகல், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர். சட்டித் தலையன் ரோபோ ஆர்ச்சி இன்னும் மூத்தவர், 1952-இலேயே அதே லயனில் வந்துவிட்டார். சாகச நாயகி மாடஸ்டி 1963-இல் லண்டன் மாலைப் பத்திரிகை ஒன்றில் தினசரிப் படக்கதைப் பட்டையாகத் தொடங்கியவர். 1984-இல் நம் லயன் காமிக்ஸ் அவரை வைத்துத்தான் கடை திறந்தது.

ஆக, அந்தக் கூடத்தில் ஐம்பது வயதுக்குக் கீழே இருக்கும் ஆங்கிலேயர்களில் பலருக்குத் தெரியாத ஆட்களை உங்களுக்கு நன்றாகத் தெரியும். இங்கே வேலியன்ட் 1976-இல் நின்றுபோனது. அதோடு ஒரு தலைமுறை மாயாவியை மறந்துவிட்டது. நம் ஊரில் அவர் மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பாக வந்துகொண்டே இருந்தார்.

இதை வைத்துக்கொண்டு எதைத் தேடலாம் என்று சொல்கிறேன். நான் தடுமாறிக் கற்றுக்கொண்டது இது.

வேலியன்ட், லயன் வார இதழ்களைப் பார்த்ததும் அள்ளிவிடாதீர்கள். ஓர் இதழில் மாயாவி கதை இரண்டு மூன்று பக்கம்தான் இருக்கும். நம் ஊரில் ஒரே புத்தகத்தில் முடிந்த கதை இங்கே மாதக்கணக்கில் வாராவாரம் ஓடியது. தனி இதழ் ஒன்றை வாங்கினால், மாயாவி மின்கம்பியைத் தொடப்போகும் இடத்தில் 'அடுத்த வாரம்' என்று முடிந்துவிடும். அடுத்த வாரம் அறுபது வருடத்துக்கு முன்பு போய்விட்டது. நினைவுக்காக ஒன்று வாங்குங்கள், தப்பில்லை. படிக்க வேண்டுமென்றால் தொடர்ச்சியாகப் பத்துப் பதினைந்து வாரம் கட்டாகக் கிடைக்கும்போது வாங்க வேண்டும். வியாபாரிகள் கட்டாகக் கொடுக்கவே விரும்புவார்கள், விலையும் சரியும்.

அதைவிட நல்ல வழி, 1967, 68-இல் வந்த ஃப்ளீட்வே சூப்பர் லைப்ரரி. கையடக்கமான தடித்த புத்தகங்கள், ஒவ்வொன்றிலும் முழுநீளக் கதை. அதில் ஒரு வரிசை மாயாவிக்கும் ஸ்பைடருக்கும், இன்னொரு வரிசையில் உளவாளி ஜானி நீரோ. முத்து காமிக்ஸின் மும்மூர்த்திகள் என்று நம் ரசிகர்கள் சொல்லும் நாயகர்களில் ஒருவரை அவரது சொந்த மொழியில் படிக்க ஆசையிருந்தால் இதைத் தேடுங்கள். அடிக்கடி கண்ணில் படாது. பட்டால் விலை கொஞ்சம் சுருக்கென்று இருக்கும்.

கையில் காசு குறைவென்றால் 'வல்கன்'. 1975, 76-இல் ஒரு வருடம் மட்டும் வந்த மறுபதிப்பு வார இதழ். மாயாவி, ஸ்பைடர், ஆர்ச்சி மூவரும் ஒரே இதழில். உங்களையும் என்னையும் மனதில் வைத்தே போட்ட மாதிரி இருக்கும். இங்கே இதைப் பெரிதாக யாரும் மதிப்பதில்லை. மறுபதிப்பு என்றால் சேகரிப்பாளர்களுக்கு இளக்காரம், நமக்கு லாபம்.

அப்புறம் ஆண்டு மலர்கள். கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பதற்கென்று கெட்டி அட்டையில் வருடா வருடம் வந்தவை. அட்டையில் அடுத்த வருடத்தின் எண் போட்டிருக்கும், 1968 என்று இருந்தால் அது 1967 இலையுதிர் காலத்தில் கடைக்கு வந்தது. உள்பக்கத்தில் 'இந்தப் புத்தகம் இன்னாருக்குச் சொந்தம்' என்ற இடத்தில் ஒரு பையனின் கோணல் கையெழுத்து இருக்கும். விலை தெரியக்கூடாது என்று மூலையைக் கத்தரித்திருப்பார்கள். இதெல்லாம் சேகரிப்பாளர் கணக்கில் குறை. எனக்கு அந்தக் கையெழுத்து இருக்கும் பிரதிதான் வேண்டும். மூன்று, நான்கு பவுண்டுக்கு மேல் நான் ஆண்டு மலருக்குக் கொடுத்ததில்லை.

அமெரிக்க இதழ்ப் பெட்டிகளையும் விட்டுவிடாதீர்கள். 1980-களின் பிற்பகுதியில் மாயாவி கதைகளுக்கு வண்ணம் பூசி அமெரிக்க அளவில் நாலே நாலு இதழ் போட்டார்கள். வண்ணம் கண்ணைக் குத்தும், பிளாஸ்கோவின் கறுப்பு-வெள்ளைக்கு அது துரோகம் என்பேன், ஆனாலும் ஒரு பவுண்டு பெட்டியில் கிடைத்தால் விடுவேனா? லக்கி லுக், இரத்தப் படலம் நாயகன் இவர்களை ஆங்கிலத்தில் போடுவது கென்ட் மாவட்டத்தில் இருக்கும் சினிபுக். பழைய பிரதிகள் பாதி விலைக்கு அகப்படும். கௌபாய் கதை நாயகன் தளபதி டைகரை ஆங்கிலத்தில் தேடினால் கை சுடும். தல டெக்ஸைத் தேடவே வேண்டாம், அவர் இத்தாலிக்காரர், இந்த மேசைகளில் அவரை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

பழைய இதழ் வாங்கும்போது கொஞ்சம் கவனம். அட்டையில் தேதி கிழிந்திருந்தாலும் விலையைப் பாருங்கள். எண்ணுக்குப் பின்னால் சின்ன 'டி' எழுத்து இருந்தால் அது பழைய பென்ஸ், 1971 பிப்ரவரிக்கு முந்தைய இதழ். நடுப்பக்கத் தைப்புக் கம்பி துருப்பிடித்திருக்கிறதா, நடுத்தாள் இருக்கிறதா, கூப்பன் வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். உறைக்குள் இருந்தால் "திறந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வியாபாரியே எடுத்துக் காட்டுவார். கேட்கக் கூச்சப்பட்டு நான் ஒருமுறை இருபத்தைந்து பவுண்டை இழந்தேன். வேலியன்டின் ஆரம்பகால இதழ் ஒன்று, அட்டை பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் நடுத்தாள் இல்லை. மாயாவி பக்கங்கள் அதில்தான் இருந்திருக்கும் போல. அந்த வியாபாரியை அப்புறம் எந்த நிகழ்ச்சியிலும் காணோம். மாயாவியே மாயமான இதழ் என்று வீட்டில் இன்றைக்கும் கேலி செய்கிறார்கள்.

பெட்டியில் தேடுவதற்கும் ஒரு பழக்கம் உண்டு. இதழின் மேல் விளிம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது. இரண்டு கையாலும் முன்னால் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும், எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். காப்பிக் கோப்பையோடு மேசைப் பக்கம் போகாதீர்கள். உங்களுக்கு முன்னால் ஒருவர் ஒரு பெட்டியில் தேடிக்கொண்டிருந்தால் அடுத்த பெட்டியிலிருந்து ஆரம்பியுங்கள். அவர் தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பது இங்கே பெரிய மரியாதைக் குறைவு. கீழே மேசைக்கடியிலும் பெட்டிகள் இருக்கும். "கீழே இருப்பதைப் பார்க்கலாமா?" என்று கேட்டுவிட்டு மண்டியிட்டு உட்காருங்கள். எனக்குக் கிடைத்த நல்லவை பாதி தரையிலிருந்து வந்தவை.

பேரம் பேசலாமா? பேசலாம், ஆனால் நம் ஊர்ப் பாணியில் பாதி விலையிலிருந்து தொடங்கக் கூடாது. நாலைந்து இதழைச் சேர்த்து எடுத்துக்கொண்டு "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று மட்டும் கேட்டு நிறுத்திவிடுங்கள். அவரே குறைத்துச் சொல்வார். ஒற்றை இதழுக்கு, அதுவும் இரண்டு பவுண்டு இதழுக்குப் பேரம் பேசினால் முகம் மாறும். மூன்று மணிக்கு மேல் பெட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்ற வேண்டுமே என்ற அலுப்பு வந்துவிடும், விலை தானாக இறங்கும். ஆனால் நல்ல சரக்கு காலையிலேயே போய்விடும். நான் திறக்கும் நேரத்துக்கே போய் ஒரு சுற்று, மதியத்துக்கு மேல் இன்னொரு சுற்று என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ரொக்கம் எடுத்துப் போங்கள், ஐந்தும் பத்துமாக. கார்டு இயந்திரம் பலரிடம் இருக்கும், ஆனால் தடித்த சுவர் கொண்ட பழைய கட்டடத்துக்குள் சிக்னல் கிடைக்காமல் அவர் ஜன்னலோரம் போய் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார், உங்களுக்குப் பின்னால் வரிசை நீளும்.

எவ்வளவு செலவாகும் என்றால், மாணவர் என்பதால் சொல்கிறேன், முப்பது பவுண்டு வைத்துக்கொண்டு நிறைவாகத் திரும்பலாம். கார்டை அறையிலேயே வைத்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. என்னென்ன வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். போனில் இருந்தாலும் காகிதத்தில் எழுதுங்கள், ஏனென்றால் அதை அப்படியே வியாபாரியிடம் நீட்டலாம். சீட்டைப் பார்த்ததும் அவர் முகம் மலர்வதை நீங்களே பார்ப்பீர்கள். சும்மா புரட்டிவிட்டுப் போகிறவர் இல்லை, தேடி வந்தவர் என்று தெரிந்துவிடும். தன்னிடம் இல்லையென்றால் "அந்த மூலையில் நீலச் சட்டைக்காரரிடம் கேளுங்கள்" என்பார். பேச்சுத் துணை தேடி நீங்கள் அலைய வேண்டியதில்லை, சீட்டு பார்த்துக்கொள்ளும். யார்க்‌ஷயரில் வயதான அம்மா ஒருவர் மேசையில் இருந்தால் "என்ன வேண்டும், லவ்?" என்று கேட்பார். பதறாதீர்கள், நம் ஊரில் 'கண்ணு' என்பது போலத்தான்.

ஓவியர்கள் மேசைக்கு வருவோம். இங்கேதான் பலருக்கும் கால் பின்னுகிறது. ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், அவர் வரைந்ததை அவர் முன்னாலேயே புரட்டிவிட்டு வாங்காமல் எப்படி நகர்வது என்று சங்கடம். நகரலாம். "இன்னும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வருகிறேன்" என்பது எல்லாரும் சொல்வது, அவரும் அதை நூறு தடவை கேட்டிருப்பார். புரட்டிப் பார்த்ததில் ஒரு பக்கம் பிடித்திருந்தால் அதை மட்டும் சொல்லுங்கள். "இந்த மழையை எப்படி வரைந்தீர்கள்?" என்று கேட்டால் ஐந்து நிமிடம் பேசுவார். ஏ5 அளவில் தைத்த சிறு புத்தகங்கள் மூன்று பவுண்டிலிருந்து எட்டுப் பவுண்டு வரை இருக்கும். ஓர் ஓவியர் என்னிடம் சொன்ன கணக்கு: மேசை வாடகை நாற்பது பவுண்டு, ரயில் முப்பது, பத்து புத்தகம் விற்றாலும் கைக்காசுதான் போகும். இதைக் கேட்ட பிறகு ஒவ்வொரு முறையும் முன்பின் தெரியாத ஒருவரின் புத்தகம் ஒன்றாவது வாங்குவது என்று வைத்திருக்கிறேன். அதில் பாதி சுமார்தான், பொய் சொல்லவில்லை. மீதிப் பாதியில் இரண்டு மூன்று பேரை இன்றுவரை விடாமல் படிக்கிறேன்.

கையெழுத்து சின்ன நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் இலவசம். உங்கள் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பெயர் போட்ட பிரதியை யாரும் இணையத்தில் கூடுதல் விலைக்கு விற்கப்போவதில்லை என்பதால் ஓவியருக்கும் நிம்மதி. வெற்று நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்கிப் போனால் படம் வரைந்து தரச் சொல்லலாம், பத்து முதல் முப்பது பவுண்டு கேட்பார்கள், முன்கூட்டியே விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை ஸ்டீல் கிளா வரைந்து தர முடியுமா என்று கேட்டேன். அறுபதை நெருங்கும் ஓவியர். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஆள் தெரிய வேண்டுமா, கை மட்டும் போதுமா?" என்றார். கை மட்டும் என்றேன். "அப்படியென்றால் பாதி விலை" என்று சொல்லிவிட்டு இருபது நிமிடம் அந்த ஒரு கையின் விரல் மூட்டுகளை மட்டுமே வரைந்துகொண்டிருந்தார். அது சட்டம் போட்டு என் மேசைக்கு மேல் தொங்குகிறது.

வேஷம் போட்டு வருகிறவர்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள், குழந்தைகள் என்றால் பெற்றோரிடம் கேளுங்கள், உடையைத் தொடாதீர்கள். ஸ்டார் வார்ஸ் வெள்ளைக் கவசத்தில் நாலைந்து பேர் உண்டியலோடு நிற்பார்கள், அது தர்ம காரியத்துக்கு வசூல்.

ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவை ஒட்டி ஆகஸ்டில் லயன்-முத்து வாசகர்கள் கூடுவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை எதிர்பார்த்து இங்கே போகாதீர்கள். அங்கே எல்லாரும் ஒரே புத்தகங்களைப் படித்தவர்கள், ஆசிரியரோடு சண்டை போடும் உரிமையோடு வருகிறவர்கள், அடுத்த சந்தாவில் யார் வேண்டும், யார் வேண்டாம் என்று குரல் உயரும், அப்புறம் சேர்ந்து சாப்பிடப் போவார்கள். இங்கே அவரவருக்கு அவரவர் பெட்டி. பக்கத்துப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று தேடுவார்கள், ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். முதலில் இதை முசுடுத்தனம் என்று நினைத்தேன். பேச்சு இருக்கிறது, அதற்கு ஒரு சாக்கு தேவைப்படுகிறது, அவ்வளவுதான்.

என் சாக்கு ஒரு தமிழ் மாயாவி இதழ். முதல் நாள் பெட்டியடியில் நான் மாயாவியைக் கண்டேனே, அந்த மேசைக்காரரிடம், இவரை எங்கள் ஊரில் என் அப்பாவுக்கும் தெரியும், எங்கள் தெருவில் பாதிப் பேருக்கும் தெரியும் என்று சொன்னேன். எழுபதைத் தாண்டிய மனிதர். ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று சிரித்துவிட்டார். அடுத்த தடவை போகும்போது முத்து காமிக்ஸ் மறுபதிப்பு ஒன்றைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது, ஆனால் படித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் நிறுத்தி ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்து, "இங்கே நிறுத்திவிட்டு எங்களை ஒரு வாரம் காக்க வைத்தார்கள். நான் அப்போது பேப்பர் போடும் பையன். மற்றவர்கள் வீட்டுக்குப் போட வேண்டிய இதழைத் தெருவிளக்கில் நின்று நான் முதலில் படித்துவிடுவேன்" என்றார். நான் அந்தப் பக்கத்தை எத்தனையோ தடவை படித்தவன். அங்கே ஒரு நிறுத்தம் இருந்தது என்பது எனக்குத் தெரியவே தெரியாது. அன்றிலிருந்து தமிழ் இதழைப் படிக்கும்போது எந்தக் கட்டத்தில் வாரம் முடிந்திருக்கும் என்று தேடுகிறேன், கண்டுபிடிக்கவும் முடிகிறது. அந்தத் தமிழ்ப் பிரதி அவர் மேசையில் பாலித்தீன் உறைக்குள் 'விற்பனைக்கு அல்ல' என்ற சீட்டோடு இருக்கிறது.

ஆகவே அப்பாவின் சேகரிப்பிலிருந்து இரட்டைப் பிரதியாக ஏதாவது கையோடு இருந்தால் ஒன்றை எடுத்துப் போங்கள். மூலப்பிரதி வேண்டாம், மறுபதிப்பு போதும்.

சின்னது பழகிவிட்டால் நவம்பரில் ஹாரகேட்டில் நடக்கும் 'தாட் பபிள்' போய் வாருங்கள். 2007-இல் உங்கள் லீட்ஸில் தொடங்கியதுதான், 2019-இலிருந்து அங்கே போய்விட்டது. லீட்ஸிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெரியது, ஆனால் காமிக்ஸ் போடுகிறவர்கள்தான் அங்கே முக்கியம், நடிகர்கள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குத் தண்ணீர் புகாத பை ஒன்று, உள்ளே இரண்டு கெட்டி அட்டை. அமெரிக்க இதழுக்கு விற்கும் உறையில் வேலியன்ட் நுழையாது, அளவு பெரிது, மடித்துத் திணித்துவிடாதீர்கள். மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், உள்ளே சீஸ் சாண்ட்விச்சைத் தவிர ஒன்றும் கிடைக்காது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இப்போதே பார்த்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமை சீக்கிரம் நின்றுவிடும்.

ஒரு உதவி. வல்கனில் 1976 பிப்ரவரி 14 தேதியிட்ட இதழ் மட்டும் எனக்குக் குறைகிறது. கண்ணில் பட்டால், ஐந்து பவுண்டுக்குள் என்றால், என்னைக் கேட்காமலே வாங்கிவிடுங்கள். நடுத்தாள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.